பூவரசம்பூ பிரிண்ட்: பேப்பரிலிருந்து ஈரோடு வரை

ஒரு துணி டிசைன் தேறுமா தேறாதா என்று எனக்குத் தெரிவது, அதை ஓர் உருவத்துக்கு உடுத்தி வரைந்து பார்க்கும்போதுதான். பிரிண்டை முடித்து, ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்து, ஸ்க்ரீன் (அச்சு உருளை) செய்யவும் அனுப்பிவிட்டு, கேட்லாக் அழகாக இருக்கட்டுமே என்று கடைசியில் ஃபேஷன் இல்லஸ்ட்ரேஷன் போடுவது பல இடங்களில் வழக்கம். நான் பாதி வேலையிலேயே வரைந்துவிடுவேன். சமீபத்தில் முடித்த பூவரசம்பூ பிரிண்டை வைத்தே அதைச் சொல்கிறேன்.

கேட்டவர்கள் கோவையில் பெண்களுக்கான காட்டன் உடுப்பு செய்யும் ஒரு சின்ன பிராண்ட். மூன்று மாடல்: நேர்வெட்டு குர்தா, அடுக்கடுக்காக ஃப்ரில் வைத்த ஃப்ராக், தோளில் தையல் இல்லாத கஃப்தான். மூன்றுக்கும் ஒரே பிரிண்ட். பின்னணிக்கு லேசாகப் பழுத்த வெள்ளை கிரவுண்ட், ஈரோட்டில் சுழலும் உருளைகளால் அச்சிடும் ரோட்டரி மெஷினில், பருத்தி இழையோடு பிணையும் ரியாக்டிவ் சாயம். தாமரையும் மாங்காயும் வேண்டவே வேண்டாம் என்றார்கள். அதில் எனக்கும் சந்தோஷம்தான்.

பூவரசை நாம் ஞாபகம் வைத்திருப்பது இலையை வைத்து, சுருட்டி ஊதிய பீப்பீயை வைத்து. பூவை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. டிசைன் போடுகிறவர்களுக்கு அதில் நல்ல தீனி இருக்கிறது. மலரும்போது எலுமிச்சை மஞ்சள், அடியில் கரும் அரக்கு. வாட வாட இதழ் சிவந்து, உதிரும் நேரத்தில் ஊதா கலந்த செம்பு நிறம். ஒரே கிளையில் இரண்டு நிறப் பூக்கள் சேர்ந்து நிற்கும், கூட இதய வடிவ இலை. நேராகப் பார்த்து வரைந்தால் செம்பருத்தி ஜாடை வந்துவிடுகிறது. இரண்டும் ஒரே குடும்பம், தப்பில்லை. பூவரசம்பூ அகல விரியாமல் குவிந்தேதான் இருக்கும், இதழ்கள் ஒன்றின் ஓரத்தை இன்னொன்று தழுவிச் சுற்றியிருக்கும். பக்கவாட்டில் பார்த்து, அந்தச் சுற்றைப் பிடித்து வரைந்ததும்தான் பூவரசு பூவரசாக வந்தது.

அப்புறம் ரிப்பீட், அதாவது துணி முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் கட்டம். கையால் செய்யும் பழைய முறை எனக்கு இன்றும் பிடிக்கும். தாளின் நடுவில் கொத்தை வரைய வேண்டும், ஓரத்தைத் தொடக்கூடாது. தாளைச் செங்குத்தாக இரண்டாக வெட்டி, இடது பாதியை வலப்பக்கமும் வலது பாதியை இடப்பக்கமும் மாற்றி, பின்னால் டேப் ஒட்டினால் வெளி ஓரங்கள் இரண்டும் நடுவில் சேர்ந்துவிடும். அங்கே விழும் வெற்றிடத்தை வரைந்து நிரப்ப வேண்டும். அதே போலக் குறுக்கேயும் ஒரு வெட்டு, ஒரு மாற்று, ஒரு நிரப்பல். போட்டோஷாப்பில் ஆஃப்செட் செய்வதும் இதே வேலைதான், கத்தரிக்கோல் மட்டும் இல்லை. இது நேர் ரிப்பீட்டுக்குச் சரி. நான் எடுத்தது ஹாஃப் டிராப். பக்கத்து வரிசை பாதி உயரம் கீழே இறங்கி உட்காரும். கொத்துகளைக் கையால் வரைந்து ஸ்கேன் செய்து, அடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டேன்.

ரோட்டரி என்றால் அளவு நம் இஷ்டத்துக்கு வராது. நிக்கல் உருளையின் சுற்றளவு பொதுவாக 64 செ.மீ. ரிப்பீட்டின் உயரம் அதற்குள் மிச்சமில்லாமல் அடங்க வேண்டும்: 64, 32, 16 இப்படி. 30 செ.மீ.யில் வரைந்து கொண்டுபோனால் இழுத்து 32 ஆக்குவார்கள், பூவின் முகம் நீண்டுவிடும். நான் முதலிலேயே 32 என்று கட்டம் போட்டுக்கொண்டேன். பெரிய பூ 5 செ.மீ.

நிறத்தில்தான் பேரம் நடந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு உருளை. என் கணக்கில் மஞ்சள், செம்பு, அரக்கு, இளம்பச்சை, கரும்பச்சை, காம்புக்குப் பழுப்பு என்று ஆறு. பிரிண்டிங் மாஸ்டர் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, "அஞ்சுக்குள்ள முடிச்சுக் குடுங்க அம்மணி, ஆறாவது ஸ்க்ரீன் ஏறுனா ரேட்டு கட்டாதுங்க" என்றார். ரியாக்டிவ் சாயம் மேல் நிறத்தின் வழியே கீழ் நிறத்தையும் காட்டும், அதுதான் கைகொடுத்தது. செம்பையும் பழுப்பையும் எடுத்துவிட்டு ஒரு ரோஜா நிறம் சேர்த்தேன். மஞ்சள் இதழ்மேல் ரோஜா விழுந்தால் செம்பு. பச்சைமேல் விழுந்தால் காம்புக்கு வேண்டிய பழுப்பு. ஐந்து ஸ்க்ரீனில் ஏழு நிறம். வாடும் பூவின் நுனியில் மட்டும் ரோஜாவைக் கோடுகோடாக இறக்கியதில், பூ நம் கண்ணெதிரே நிறம் மாறுவது போலவே வந்தது. ஆறு ஸ்க்ரீன் கிடைத்திருந்தால் இது எனக்குத் தோன்றியிருக்காது.

இந்தக் கட்டத்தில்தான் உருவம் வரைய உட்கார்ந்தேன். கலர் பிரித்தாகிவிட்டது, ஸ்க்ரீன் இன்னும் வெட்டவில்லை.

முதல் வேலை அளவைக் குறைப்பது. ஏ3 தாளில் 36 செ.மீ. உயர உருவம், ஃபேஷன் உருவத்துக்கு ஒன்பது தலை உயரம் என்பதால் தலை 4 செ.மீ. நிஜத் தலை சுமார் 22 செ.மீ. ஆக, ஐந்தரையில் ஒரு பங்கு. மொத்த உயரத்தை வைத்துக் கணக்குப் போடக்கூடாது, ஏனென்றால் இந்த உருவங்களுக்குக் காலை வேண்டுமென்றே நீட்டியிருப்போம். தலையையும் தோளையும் நம்பலாம். அப்படிப் பார்த்தால் 5 செ.மீ. பூ 9 மி.மீ. ஆகிறது, 32 செ.மீ. ரிப்பீட் கிட்டத்தட்ட 5.8 செ.மீ. மாதிரித் துண்டில் உள்ள அளவிலேயே பூவை உருவத்தில் போட்டுவிட்டால், பூ முகத்தைவிடப் பெரிதாகி நிற்கும். மாணவர்களின் போர்ட்ஃபோலியோக்களில் இதை நிறையப் பார்க்கலாம்.

வரைந்த விதம்: முதலில் கிரவுண்ட் நிறத்தையும் மடிப்பு நிழலையும் மார்க்கரில் போட்டு முடித்தேன். பிறகு பென்சிலில் 5.8 செ.மீ. இடைவெளிப் புள்ளிகள், துணியின் நூலோட்டத்தை ஒட்டி. இடுப்பு ஒடிந்து நிற்கும் உருவத்தில் அந்த வரிசையும் சேர்ந்து சாயும். நேர்கோட்டில் வைத்தால் உடுப்புக்குப் பதில் உருவத்தின்மேல் வால்பேப்பர் ஒட்டியதாக ஆகிவிடும். பூக்கள் போஸ்டர் கலரில். அது காய்ந்தபின் மேலே மார்க்கர் ஓட்டினால் கலர் கரைந்து நிப்பும் பாழாகும், அதனால் பூவின்மேல் விழும் மடிப்பு நிழலுக்குக் கலர் பென்சில். வெளிச்சம் விழும் பக்கம் எல்லாப் பூவையும் வரையத் தேவையில்லை. நாலைந்து பூவை முழுதாகக் காட்டி, மிச்சத்தைப் பாதிக் கோட்டில் விட்டால் கண்ணே நிரப்பிக்கொள்ளும். தையல் வரும் இடத்தில் மட்டும் பூவைக் கறாராக வெட்டிவிட வேண்டும்.

இனி ஒவ்வொரு உடுப்பும் என்ன காட்டிக்கொடுத்தது என்று சொல்கிறேன்.

குர்தாவில், வலது தோளிலிருந்து இடது ஓரம் வரை சாய்வாக ஒரு கோடு ஓடியது. ஹாஃப் டிராப்பில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. கம்ப்யூட்டரில் எட்டு ரிப்பீட் அடுக்கிப் பார்த்தபோது தெரியாதது, உடம்பின் நீளத்துக்கு இறங்கியதும் பளிச்சென்று தெரிந்தது. மூன்று இலைகளை எதிர்ப்பக்கம் திருப்பி, ஒரு மொட்டை இடைவெளிக்குள் தள்ளியதும் கோடு உடைந்தது. முன்பக்கத்தில் இரண்டு பெரிய பூ சரியாக மார்பில் ஜோடியாக அமர்ந்ததையும் படத்தில்தான் பார்த்தேன். இதை ரிப்பீட்டில் சரிசெய்ய முடியாது, வெட்டும்போதுதான் பார்க்க வேண்டும். குர்தாவின் டெக் பேக்கில் (தைப்பவர்களுக்கான விவரத் தாள்கள்) கட்டிங் ஆட்களுக்குக் குறிப்பு எழுதி, படத்தையும் கூடவே வைத்தேன்.

கஃப்தானில் பிரச்சினை வேறு. தோள் தையல் இல்லை, ஒரே துணி முன்னால் இறங்கிப் பின்னாலும் இறங்கும். என் டிசைனில் காம்பெல்லாம் கீழே, பூவெல்லாம் மேலே. பின்பக்கத் தோற்றத்தை வரைந்தால் முதுகு முழுக்கப் பூக்கள் தலைகீழாகத் தொங்கின. சிலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்குக் கண்ணை உறுத்தியது. ஒரே திசைப் பிரிண்ட் என்றால் கட்டிங் மார்க்கரில் (துணியில் எந்த பீஸை எங்கே வெட்டுவது என்று அடுக்கும் வரைபடம்) பீஸ்களைத் திருப்பிப் போட முடியாமல் துணியும் கூடுதலாகச் செலவாகும். கொத்துகளில் பாதியைத் தலைமாற்றிப் போட்டு, இருபக்கமும் பார்க்கும்படி மாற்றினேன். கிளையில் தொங்கும் இயல்பு கொஞ்சம் போனதில் வருத்தம் உண்டு. பிராண்டுக்காரர்கள் துணிக் கணக்கைப் பார்த்ததும் மறுபேச்சே பேசவில்லை.

ஃப்ராக்தான் என்னை நிறைய யோசிக்க வைத்தது. ஒரு மீட்டர் அகலத்துக்கு இரண்டு மீட்டர் துணியைச் சுருக்கித் தைத்த ஃப்ரில். படத்தில் 9 மி.மீ. பூவில் பாதி மடிப்புக்குள் போய்விட, வெளியே அரை இதழ், கால் இலை. தூரத்தில் பார்த்தால் மஞ்சளும் பச்சையும் கலைந்த அழுக்காகத் தெரிந்தது. பெரிய பூவுக்குப் பரந்த இடம் வேண்டும், ஃப்ரில் அதைக் கொடுக்காது. "ஒரே பிரிண்ட்" என்று முதலில் பேசியதை விட்டுவிட்டு, மொட்டை மட்டும் எடுத்து ஒன்றரை செ.மீ. அளவில் இறைத்துப் போட்ட ஜோடிப் பிரிண்ட் ஒன்று வரைந்தேன். படத்தில் அது மூன்று மி.மீ. புள்ளிதான், சுருக்கத்துக்குள் போனாலும் பக்கத்துப் புள்ளி தாங்கிக்கொள்கிறது. மேல்பகுதிக்குப் பெரிய பூ, ஃப்ரில்லுக்கு மொட்டு என்று இன்னொரு படம் வரைந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அனுப்பினேன். விளக்கம் எழுதத் தேவைப்படவில்லை. மொட்டுக்கு மஞ்சளும் கரும்பச்சையும் போதும், இரண்டே ஸ்க்ரீன்.

ஸ்ட்ரைக் ஆஃப், அதாவது மொத்தமாக ஓட்டுமுன் அச்சிடும் மாதிரித் துண்டு, வந்தது. ரியாக்டிவ்வில் அச்சிட்டதும் தெரியும் நிறத்தை நம்பக்கூடாது, ஸ்டீம் ஏற்றி அலசியபின்தான் சாயம் தன் நிஜ நிறத்தைக் காட்டும். அலசிய துண்டில் செம்பு கொஞ்சம் கறுத்திருந்தது. ரோஜாவின் அடர்த்தியைக் குறைத்து மறுபடி ஓட்டச் சொன்னேன், சரியாக வந்தது. இளம்பச்சையும் கரும்பச்சையும் சேரும் ஓரிடத்தில் மயிரிழை வெள்ளை தெரிந்ததால் ஃபைலில் அங்கே ஓவர்லாப்பைக் கூட்டினேன்.

குர்தா, கஃப்தான், ஃப்ராக் மூன்றும் இப்போது தையலில் இருக்கின்றன. இதற்குள் அதே பூவைக் கருநீல கிரவுண்டில் கேட்டிருக்கிறார்கள். சாயம் போட்ட துணியில் பூ வரும் இடத்தில் மட்டும் சாயத்தை எடுத்துவிடும் டிஸ்சார்ஜ் செய்வதா, கிரவுண்டுக்கே தனி ஸ்க்ரீன் போடுவதா என்று மாஸ்டரிடம் பேச்சு ஓடுகிறது. எனக்கு அதற்குள் படம் வேண்டும். கருநீலத்தின்மேல் போஸ்டர் கலர் மஞ்சள் நேராக நிற்காது, பச்சையடித்துவிடும். ஒவ்வொரு பூவுக்கும் அடியில் முதலில் வெள்ளை வைத்துக்கொண்டு வருகிறேன்.