சுருளுக்குப் பெயர் வைத்த படலம்

ஞாயிறு மதியங்களில் எங்கள் கோத்தகிரி வீட்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஓடுகிறது. ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, வாயாலேயே கதை சொல்லி ஆடும் ஆட்டம். ஆட வருவது நான்கு பேர்: அக்கா மகன், அவனுடைய வகுப்புத் தோழர்கள் இருவர், கீழ் வீட்டுப் பெண். கதை நடத்துவது நான். மந்திரச் சுருள் (படித்தால் அதிலுள்ள மந்திரம் பலிக்கும் தாள்) கிடைத்தது என்று வாயால் சொல்வதற்குப் பதில் கையிலேயே ஒன்றைக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அங்கே பிடித்தது வினை.

காகிதத்தைப் பழசாக்க டீ டிகாக்‌ஷன். இந்த ஊரில் அதற்கா பஞ்சம்? முதல் தடவை ஜெல் பேனாவில் எழுதிவிட்டு முக்கினேன். எழுத்தெல்லாம் கரைந்து ஓடியது. சரி, முக்கிக் காயவைத்து அப்புறம் எழுதலாம் என்றால், ஐப்பசி மூடுபனியில் எது காய்கிறது? கொடியில் இரண்டு நாள் தொங்கிய தாளின் ஓரமெல்லாம் பூஞ்சை. கடைசியில் பழைய வேட்டிக்குள் வைத்து இஸ்திரி போட்டுத்தான் காய்ந்தது.

அடுத்தது, சுருளின் வெளிப்பக்கம் என்ன எழுதுவது? 2014-இல் வந்த, ஆட்ட விதிகளின் ஐந்தாம் பதிப்பு, மந்திரத்தின் படிநிலையைப் பார்த்துச் சுருளைத் தரம் பிரிக்கிறது. முதல் நிலை வரை சாதாரணம், 2, 3 என்றால் அவ்வளவாகக் கிடைக்காதது, 4, 5 அரிது, 6 முதல் 8 வரை மிக அரிது, 9 வந்தால் புராணப் பொருள். அதையே எழுதிக் கொடுத்தேன். “ரேஷன் கார்டு மாதிரி இருக்கு மாமா” என்றான் மருமகன். விலை சொல்லும் கடைக்காரருக்கு ஆகும், குகைக்குள் கையில் வைத்திருப்பவனுக்கு ஆகாது.

மந்திர வகைகள் எட்டு. அவற்றைத் தமிழாக்கிப் பார்த்தேன். காப்பு, வசியம், குறி ஆகியவற்றுக்கு விளக்கமே தேவைப்படவில்லை, பாட்டிமார் புழங்கிய சொற்கள். ஃபயர்பால் என்ற நெருப்புருண்டை மந்திரம் சேரும் எவொகேஷன் வகைக்கு ‘ஆற்றல் வெளிப்பாடு’ என்று வைத்தேன். மின்வாரிய அறிவிப்பு போல இருந்தது. விட்டுவிட்டேன்.

வழி காட்டியது நெட்ஹேக் என்ற கணினி ஆட்டம். 1980-இன் ரோக் என்ற ஆட்டம் தொடங்கிவைத்த வித்தையை 1987-இல் வந்த இந்த ஆட்டம் அப்படியே எடுத்துக்கொண்டது. சுருளின் மேல் ‘ஸெல்கோ மெர்’, ‘ஃபூபி பிளெட்ச்’ என்று அர்த்தமில்லாத பெயர் இருக்கும். எந்தப் பெயருக்குள் எந்த மந்திரம் என்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் கலைந்துவிடும். (நடுவில் ஒன்று ‘பிரத்யவாயா’. பாவம் என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல், அங்கே எப்படிப் போய் உட்கார்ந்ததோ!) படித்துப் பார்க்க வேண்டும், இல்லை கடைக்காரர் சொல்லும் விலையை வைத்துத் துப்புத் துலக்க வேண்டும். அடிப்படை விலை 20 என்றால் பொருளை அடையாளம் காட்டும் சுருள். 300 என்றால் ஓர் இனத்தையே அழிப்பதாகவும் இருக்கலாம், படித்தவன் காலிலேயே சங்கிலி மாட்டுவதாகவும் இருக்கலாம்.

அர்த்தமில்லாத பெயருக்கு நான் எங்கே போவது? சமையலறையில் டீத்தூள் பை கிடந்தது. தரக் குறியீடுகளையே எடுத்துக்கொண்டேன்: பி.பி., பி.எஃப்., எஸ்.ஆர்.டி., எஸ்.எஃப்.டி. சீட்டுக் குலுக்கி மந்திரங்களை ஒதுக்கினேன். முதலில் பி.பி.யைப் படித்தார்கள், வெளிச்சம் வந்தது. எஸ்.எஃப்.டி.யை எடுத்ததும் கீழ் வீட்டுப் பெண் தடுத்தாள். அவள் அப்பாவுக்கு டீ ஃபேக்டரியில் வேலை. “வேண்டாம்ணா, இப்ப படிக்கக் கூடாது. பி.பி. பெரிய தூள், மெதுவா இறங்கும். இது சூப்பர் ஃபைன் டஸ்ட். போட்டதும் கடுப்பா இறங்கும். இதுலதான் பெருசா ஏதோ இருக்கு.”

என் அட்டவணைப்படி அதில் இருந்தது உடைந்த பாத்திரம் ஒட்டும் மந்திரம். அவள் கணக்கு என் குலுக்கலைவிட நன்றாக இருந்ததால், டீ குடிக்கப் போன சாக்கில் அட்டவணையைத் திருத்தினேன். எஸ்.எஃப்.டி. ஃபயர்பால் ஆனது.

இந்த வாரம் மருமகன் ஆடும் மந்திரவாதியான விஸார்ட், ஐடென்டிஃபை என்ற அடையாளம் காட்டும் மந்திரம் போட்டு அதைக் கண்டுபிடித்துவிட்டான். படித்து வீணாக்காமல் தன் மந்திரப் புத்தகத்தில் நகலெடுக்க வேண்டுமாம். விதி கறார்: 10-உடன் மந்திரத்தின் நிலையைக் கூட்டு, பகடையும் திறமையும் சேர்ந்து அதை எட்ட வேண்டும். ஃபயர்பால் மூன்றாம் நிலை, ஆக 13. தேறினாலும் தோற்றாலும் சுருள் அழியும். பகடையில் 4, அவன் திறமைக்கு 5, மொத்தம் 9. கிழித்துப் போடு என்றேன். இரண்டு நாள் தொங்கவிட்டு இஸ்திரி போட்ட தாள், எனக்கும் வயிற்றைக் கலக்கியது. அவன் முகம் விழுந்துவிட்டது. சமாதானத்துக்குச் சுந்தரர் கதையைச் சொன்னேன்: கிழவர் நீட்டிய ஓலையை அவர் கிழித்துப் போட, அது வெறும் படியோலை, மூலவோலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று கிழவர் சொன்ன கதை. சுருளும் யாரோ ஒரு விஸார்ட் எழுதிவைத்த படியோலைதான் என்றேன்.

“அப்போ மூலவோலை யார் வீட்டுல இருக்கு மாமா?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த வீட்டுக்கு ஒரு வரைபடம் போட வேண்டும். இரண்டு தாளை முக்கி வைத்திருக்கிறேன், இன்னும் காயவில்லை.