இரும்புத் தட்டுக்கு நடு பிடித்த கதை

மோட்டாரில் பூட்டி, உப்புத்தாள் ஒட்டித் தேய்க்க ஒரு வட்டத் தட்டு தேவைப்பட்டது. பழைய இரும்புக் கடையில் கிடைத்தது: 150 மி.மீ. விட்டம், 12 மி.மீ. தடிமன், விளிம்பு ஏற்கெனவே கடைந்தது. நடுவில் 40 மி.மீ. துளை போட்டால், மோட்டார் தண்டில் மாட்டும் ஹப்பின் கழுத்தில் உட்கார்ந்துவிடும். அந்த 'நடு'வில்தான் விஷயமே. நிமிடத்துக்கு 1440 சுற்று வேகத்தில் சுற்றும் ஒன்றரைக் கிலோ தட்டு ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே, சுமார் மூன்றரைக் கிலோ எடை தண்டைச் சுற்றிச் சுற்றி இழுப்பதற்குச் சமம்.

இவ்வளவு துல்லியமான துளையை லேத்தில்தான் (கடைசல் இயந்திரம்) போட முடியும். ஆனாலும் கையால் எவ்வளவு நெருங்கலாம் என்று பார்க்க ஆசை. தட்டை எம்ரித்தாளால் தேய்த்துத் துடைத்து, மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல் தடவினேன். இரும்பின் மேல் மெல்லிய செம்புப் படலம் படியும். ஸ்கிரைபர் என்ற கூர்முனைக் கம்பியால் கீறினால் கோடு முடி மாதிரி பளிச்சென்று தெரியும்.

முதலில் பள்ளிக்கூடக் கணக்கு. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம். காலண்டர் அட்டையின் மூலையை விளிம்பில் தொட வைத்தால், அதன் இரு பக்கங்களும் விளிம்பை வெட்டும் இடங்கள் ஒரு விட்டத்தின் இரு முனைகள். அட்டையைத் திருப்பி வைத்து இன்னொரு விட்டம் போட்டால் இரண்டும் வெட்டுகிற இடம் நடு. மரவேலைக்கு இது தாராளம். இரும்புக்கு அட்டையின் மூலை நம்பகமில்லை.

அடுத்து காம்பினேஷன் செட்டின் சென்டர் ஹெட்: V வடிவத் துண்டை விளிம்பில் அணைத்தால், அதில் பூட்டிய ஸ்கேல் வட்டத்தின் நடு வழியாகப் போகும். தட்டை ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு சுற்றுத் திருப்பி மூன்று கோடுகள் கீறினேன். ஒரே புள்ளியில் சேரவில்லை; நடுவில் எள்ளளவு முக்கோணம். இதைப் பார்த்து எரிச்சல்படத் தேவையில்லை. ஸ்கேல் ஹெட்டில் ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தால், ஒவ்வொரு கோடும் உண்மையான நடுவிலிருந்து அதே அளவு, அதே பக்கம் விலகித்தான் போகும். ஆக, நடு அந்த முக்கோணத்துக்குள்ளேயே இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்து, அதன் மையத்தில் டாட் பஞ்சால் (சின்னப் புள்ளி குத்தும் கூரான உளி) லேசாக ஒரு அடி. புள்ளி பிசகியிருந்தால் பஞ்சைச் சாய்த்து அடித்து நகர்த்திக்கொள்ளலாம். துளைக்குக் குழி போடும் சென்டர் பஞ்சால் ஆழமாக அடித்த பிறகு அது நடக்காது.

அப்புறம் தட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்கார அண்ணன் அதை நாலு தாடை சக்கில் (ஒவ்வொரு தாடையையும் தனித்தனியே நகர்த்தக்கூடிய, லேத்தில் சுற்றும் பிடிப்பான்) பிடித்து, என் புள்ளியை எதிர்முனையில் இருக்கும் டெயில் ஸ்டாக்கின் கூர்முனைக்கு நேராகக் கொண்டுவந்தார். பிறகு விளிம்பில், சின்ன அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து, சக்கைக் கையால் மெல்லச் சுற்றினார். முள் 0.40 மி.மீ. ஓடியது. ஒரு முழுச் சுற்றில் முள் ஓடுவது விலகலைப் போல இரண்டு மடங்கு என்பதால், என் புள்ளி 0.20 மி.மீ. தள்ளியிருக்கிறது. கைவேலைக்கு மோசமில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

"புள்ளிய விடுங்க தம்பி, இனி விளிம்பப் பாத்துக்குவோம்" என்றார் அவர். அதுவும் சரிதான். ஓடும்போது ஆடாமல் இருக்க வேண்டியது விளிம்பு. புள்ளி உண்மையான நடுவின் பக்கத்தில் கொண்டுவிடத்தான். முள் அதிகம் ஏறிய பக்கத்துத் தாடையை இறுக்கி, எதிர்த் தாடையைத் தளர்த்தி, ஓட்டத்தில் பாதியளவு மட்டும் தள்ளினார். அடுத்த ஜோடிக்கும் அப்படியே. முள் 0.03க்குள் அடங்கியதும், சென்டர் டிரில்லில் தொடங்கி துளையைப் பெரிதாக்கிக்கொண்டே போய், கடைசியில் துளையின் உட்பக்கத்தைக் கடையும் போரிங் டூலால் 40 மி.மீ.க்கு முடித்தார்.

நான் யோசிக்காத ஒன்றையும் அவர் செய்துகொடுத்தார். ஹப்பில் பூட்ட ஆறு போல்ட் துளைகள் வேண்டும். நடுவில் துளை விழுந்தபின், அந்தத் துளைகளுக்கான வட்டத்தைக் கீற டிவைடரின் (இரு கூர்க்கால் உள்ள கவராயம்) காலை ஊன்ற இடம் ஏது? கட்டைத் துண்டை அடைத்து அதன் மேல் மறுபடி நடு தேட வேண்டும். தட்டைச் சக்கிலிருந்து கழற்றும் முன்பே, டூல் முனையால் போல்ட் வட்டத்தை லேசாகக் கீறிவிட்டார். அந்த வட்டத்தின் ஆரத்துக்கு டிவைடரை விரித்துக் கோட்டிலேயே ஆறு எட்டு வைத்தால் ஆறு இடமும் வந்துவிடும். அதை வீட்டிலேயே முடித்துக்கொண்டேன்.