சுவான்சோ போவதற்கு முன் வீட்டிலேயே முடித்துக்கொண்ட வேலைகள்

சீனாவுக்குப் போகிறோம் என்றதும் எல்லாரும் கேட்டது, "சீனம் தெரியுமா?" என்றுதான். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள் என்றாலும் என் சீனம் காப்பிக்கடையோடு நின்றுவிடும். அதிலும் பாதி ஹொக்கியன் என்ற வட்டார மொழி. போய் வந்தபின் சொல்கிறேன், மொழிக்காக யாரும் அவ்வளவு பயப்பட வேண்டாம். கைப்பேசியைத் தயார் செய்யாமல் போனால்தான் திண்டாட்டம்.

பெய்ஜிங், ஷாங்ஹாய் எல்லாம் விட்டுவிட்டு ஃபூஜியான் மாகாணத்துச் சுவான்சோவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் மாமியார். 1281ஆம் ஆண்டில் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர் அது. தமிழ் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் கட்டியிருந்தார்கள் என்று எங்கேயோ படித்ததிலிருந்து அத்தைக்கு அந்த ஊர்ப் பெயர் மனதில் ஒட்டிக்கொண்டது. பதிவு செய்யும்போது குவாங்சோவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது குவாங்டோங் மாகாணத் தலைநகர், வேறு ஊர்.

விசா வேலை எங்களுக்கு இல்லை. சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 2024 பிப்ரவரி 9 முதல் 30 நாள் வரை விசா வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் எடுத்தே ஆக வேண்டும். தேதியில்தான் கவனம் வேண்டும். அக்டோபர் 1ஐ ஒட்டிய தேசிய விடுமுறை, சீனப் புத்தாண்டு, மே முதல் வாரம் ஆகிய நாட்களில் அந்த நாடே பயணம் கிளம்பிவிடும். ஃபூஜியான் கரையில் கோடையிலும் அதை அடுத்த சில வாரங்களிலும் சூறாவளிப் பயமும் உண்டு. நாங்கள் பள்ளி விடுமுறையைப் பார்த்து நவம்பர் கடைசியில் போனோம். பகலில் இதமான வெயில், இரவில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும்.

முதல் சிக்கல் பெயரில் வந்தது. நம் ஆட்களில் பலருடைய பாஸ்போர்ட்டில் 'டி/ஓ', 'எஸ்/ஓ' என்று இருக்கும். குடும்பப் பெயர் என்று தனியாக எதுவும் இருக்காது. ரயில் சீட்டுக்கான படிவமோ குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம் என்று கேட்கிறது, சாய்கோட்டை ஏற்கவும் மாட்டேன் என்கிறது. பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில், அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே அடித்தேன், ஏற்றுக்கொண்டது. விமானம், ரயில், விடுதி, பணச் செயலி எல்லாவற்றிலும் அதே எழுத்து, அதே வரிசை. எழுதிவைத்துக்கொண்டு பார்த்து அடிப்பது நல்லது.

அடுத்தது பணம். அங்கே பழம் விற்கும் பாட்டிகூட ஒரு கியூஆர் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார். காசு வாங்க மறுக்கக்கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் சில்லறை கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். அலிபே, வீசாட் ஆகிய இரண்டு பணச் செயலிகளிலும் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகளைச் சேர்க்கலாம். இதைக் கிளம்புவதற்கு முன்பே, உங்கள் எண்ணுக்கு வங்கியின் குறுஞ்செய்தி தடையில்லாமல் வரும் இடத்திலேயே செய்துவிடுங்கள். எங்கள் அட்டைகளில் ஒன்றை வங்கி சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வங்கிக்கு அழைத்து, பாட்டுக் கேட்டபடி காத்திருந்து சரிசெய்தோம். இதையே சுவான்சோவுக்குப் பக்கத்து நகரமான ஜியாமெனின் விமான நிலையத்தில் நின்று செய்வதை நினைத்துப் பாருங்கள். ஆளுக்கு இரண்டு அட்டை, வெவ்வேறு வங்கி என்று வைத்துக்கொண்டோம். அத்தையின் கைப்பேசியிலும் தனியாக அலிபே போட்டுக்கொடுத்தேன். ஒருவர் கைப்பேசியை மட்டும் நம்பி மூன்று பேர் போவது சரிவராது. 200 யுவானைத் தாண்டும் ஒவ்வொரு கட்டணத்துக்கும் வெளிநாட்டு அட்டை என்றால் 3 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். அதனால் விடுதிப் பணத்தை இங்கிருந்தே கட்டிவிட்டோம்.

இணையத்தைப் பொறுத்தவரை, கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்கே திறக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். உங்கள் ஊர் எண்ணில் ரோமிங் போட்டுக்கொண்டாலோ வெளிநாட்டில் வாங்கிய இசிம் (அட்டை இல்லாத மின்னணு சிம்) இருந்தாலோ அவை வழக்கம்போல வேலை செய்யும். விடுதி வைஃபைக்கு மாறிய நொடியில் நின்றுவிடும். வாட்ஸ்அப் திறந்தாலும் கூகுள் வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். சீனா பயன்படுத்தும் ஆயத்தொலை முறை வேறு என்பதால் நீலப் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும், நீங்கள் கோயில் வாசலில் இருக்க அது ஆற்றுக்குள் காட்டும். ஏமேப் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், ஐபோன் என்றால் ஆப்பிள் வரைபடமே போதும். போக வேண்டிய இடங்களின் பெயரைச் சீன எழுத்தில் நகலெடுத்து ஒரு குறிப்பில் போட்டுவைத்திருந்தேன். தேடுவதற்கும் ஆட்களிடம் காட்டுவதற்கும் அதுதான் கைகொடுத்தது.

வாடகைக்கார் அலிபேக்குள்ளேயே டிடி என்ற கார் அழைக்கும் சேவை வழியாகக் கிடைக்கும். ஓட்டுநருக்கு நாம் ஆங்கிலத்தில் எழுதினால் அவருக்குச் சீனத்தில் போய்ச்சேரும். ஏறியதும் அவர் கேட்பது கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம். இந்த ஒரு காரணத்துக்காகவே எண்களைப் பழகிக்கொண்டு போனேன். கைப்பேசி எண் சொல்லும்போது ஒன்றை 'யீ' என்று சொல்லாமல் 'யாவ்' என்பார்கள். ஒரே கையால் பத்து வரை காட்டும் சைகையையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டினால் ஆறு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என்றால் எட்டு. சந்தையில் அத்தை என்னைவிட நன்றாகப் பேரம் பேசினார், முழுக்க விரலாலேயே.

ஜியாமெனிலிருந்து சுவான்சோ அதிவேக ரயிலில் அரைமணி நேரச் சொச்சம். சீட்டு பொதுவாக 15 நாளுக்கு முன்தான் திறக்கும். காகிதச் சீட்டு கிடையாது, பாஸ்போர்ட்தான் சீட்டு. தானியங்கி வாசலில் முட்டிக்கொண்டு நிற்காமல், ஊழியர் நிற்கும் வாசலுக்குப் போய்விடுங்கள். புறப்படும் நேரத்துக்குச் சில நிமிடம் முன்பே வாசலை அடைத்துவிடுவார்கள், உள்ளே நுழையும்போது பைச் சோதனையும் உண்டு. சுவான்சோ என்ற பெயரோடு ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. பழைய நகரத்துக்குப் போகிறவர்கள் திசை எதுவும் ஒட்டாத வெறும் 'சுவான்சோ' நிலையத்தில் இறங்கலாம்.

அத்தை சைவம் என்பதால் சாப்பாடுதான் என் பெரிய கவலை. ஃபூஜியான் சமையல் கடல் உணவை நம்பியது, காய்க் குழம்பிலும் சிப்பி கிடக்கும். 'வோ ச்சி சூ' என்றால் நான் சைவம் சாப்பிடுபவள் என்று அர்த்தம். அதோடு இறைச்சி, மீன், இறால், மீன் சாறு எதுவும் வேண்டாம் என்று சீனத்தில் எழுதிய ஒரு படத்தைக் கைப்பேசியில் வைத்திருந்தோம். சமையல்காரர்கள் அதை நின்று படித்துவிட்டு, முடியாது என்றால் நேராகவே சொல்லிவிட்டார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. பௌத்தக் கோயில்களை ஒட்டிச் சைவக் கடைகள் இருக்கும். ஜியாமென் நான்புத்துவோ கோயிலின் சைவ உணவகத்தில் வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. ரயிலிலும் நிலையங்களிலும் கொதிநீர்க் குழாய் இருப்பதால் அத்தையின் காப்பித்தூளுக்கும் குறைவில்லை.

சுவான்சோவின் கையுவான் பௌத்தக் கோயிலில் எல்லாரும் இரட்டைக் கற்கோபுரங்களைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பெரிய மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். அங்கே இரண்டு தூண்களில் வட்டத்துக்குள் சிறு சிற்பங்கள். ஒன்றில் நரசிம்மர் இரணியனை மடியில் கிடத்தியிருக்கிறார். "இவர் எப்ப இங்க வந்தார்?" என்று அத்தை சத்தமாகவே கேட்டுவிட்டார். பக்கத்தில் ஊதுவத்தியோடு நின்ற ஒரு பெரியம்மா அத்தையின் பொட்டைப் பார்த்துச் சிரித்து, தன் கையிலிருந்ததில் மூன்று வத்தி பிரித்துக் கொடுத்தார்.

அந்த ஊரில் கிடைத்த மற்ற இந்துச் சிற்பங்களைக் கடல்சார் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சீனாவில் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும், அதைப் பார்த்து நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருந்த திங்கட்கிழமையை நாங்கள் ஷுன்பு மீனவர் கிராமத்துக்கு வைத்தோம். அங்கே பெண்கள் கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூ வைப்பார்கள், வருகிறவர்களுக்கும் காசுக்கு வைத்துவிடுவார்கள். உட்காருவதற்கு முன்பே விலையையும், உண்மையான பூவா துணிப்பூவா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.