ஒன்பதடி நீளம், ஏழடி அகலம்

ஜூலை 6

பாப்பா தூங்கினப்புறம் இஞ்ச் டேப் எடுத்து ஹால் தரையில ஒன்பதடிக்கு ஏழடி அளந்து நாலு மூலையிலயும் டம்ளர கவுத்து வெச்சேன், சுவத்துல மூணடி உயரத்துல பென்சில் கோடு ஒண்ணு. ஹாரியட் ஜேக்கப்ஸ்ங்கற கறுப்பின அடிமைப் பொண்ணு ஒளிஞ்சிருந்த பரணோட அளவு இது, அவங்க தன் கதைய எழுதின 'இன்சிடென்ட்ஸ் இன் த லைஃப் ஆஃப் எ ஸ்லேவ் கேர்ள்' புத்தகம் படிச்சிட்டிருக்கேன். மூணடிங்கறது அதிகபட்சம், அங்கேருந்து கூரை சரிஞ்சு இறங்கிடும், ஒரு பக்கமா படுத்தவங்க மறுபக்கம் திரும்பினா கூரை இடிக்கும். அமெரிக்காவுல வட கரோலினா, ஈடன்டன்னு ஒரு ஊரு, அவங்க பாட்டி வீட்டை ஒட்டின கொட்டகை, அதுக்கு மேல. 1835ல ஏறினவங்க 1842ல தான் தப்பிச்சு, அடிமை முறை இல்லாத வட மாநிலங்களுக்கு போறாங்க. கிட்டத்தட்ட ஏழு வருஷம். வெயில் காலத்துல கூரைப் பலகையிலேருந்து பிசின் உருகி தலைல சொட்டுது, பனிக்காலத்துல கை கால் விறைச்சுப் போகுது, எலி மேலயே ஓடுது. நான் அந்த டம்ளருங்க நடுவுல பத்து நிமிஷம் படுத்திருந்தேன், எழுந்துட்டேன்.

ஜூலை 7

பரண்ல ஓட்டை போடுற சின்ன கருவி ஒண்ணு அவங்களுக்குக் கெடைக்குது. அத வெச்சு பக்கத்து பக்கத்துல ஓட்டை போட்டு, நடுவுல இருக்கறத செதுக்கி, ஒரு இஞ்ச் நீளம் ஒரு இஞ்ச் அகலத்துக்கு ஒரு திறப்பு பண்றாங்க. அது வழியா தன் ரெண்டு பிள்ளைங்களும் தெருவுல வெளையாடறத பாக்கறாங்க. கூப்பிட முடியாது. கிறிஸ்துமஸுக்கு அந்த இருட்டுல உக்காந்தே பிள்ளைங்களுக்கு துணி தைக்கறாங்க.

பையன் ஒரு நாள் கூரைக்குள்ளேருந்து இருமல் கேட்டிருக்கான். அம்மாவா இருக்குமோன்னு அவனுக்கு தோணியிருக்கு, யார்கிட்டயும் சொல்லல, மத்த பசங்க அந்தப் பக்கம் வந்தா மெதுவா வேற பக்கம் கூட்டிட்டுப் போயிருக்கான். இது அம்மாவுக்கே கடைசில கெளம்பற நேரத்துல தான் தெரியுது. இந்த பக்கத்துக்கு மேல இன்னிக்கு படிக்கல.

ஜூலை 10

ஏன் ஒளியணும்? நார்காம்னு ஒரு டாக்டர். சட்டப்படி இவங்க அவனோட சின்ன பொண்ணுக்கு சொத்து, ஆனா வீட்டுல அவன் வெச்சதுதான் சட்டம். இவங்க பெரிய பொண்ணானதுலேருந்து காதுகிட்ட வந்து அசிங்கமா பேசி தொல்லை குடுக்கறான். இவங்க விரும்பின கறுப்பின இளைஞனைக் கல்யாணம் பண்ணிக்கவும் விடல. அப்போ இவங்க என்ன பண்றாங்கன்னா, சாயர்ங்கற ஒரு வெள்ளைக்கார வக்கீலோட உறவு வெச்சுக்கறாங்க, அவருக்கு ரெண்டு பிள்ளை பெத்துக்கறாங்க, ஏன்னா அதிகாரத்த வெச்சு பிடிச்சு இழுக்கறவன விட தானா தேர்ந்தெடுத்தவன் தேவலைன்னு அவங்களுக்கு தோணுது. இத 1861ல அச்சுல சொல்றாங்க. எழுதும்போதே வெக்கமும் வலியும் இருக்குன்னு சொல்றாங்க, அதே மூச்சுல அடிமைப் பொண்ணை மத்தவங்கள அளக்கற அளவுகோலால அளக்கக் கூடாதுன்னும் சொல்றாங்க. அந்த ஒரு வாக்கியம் பெண்ணிய சிந்தனைல எவ்ளோ பெரிய விஷயம்னு எனக்கு இன்னிக்கு முழுக்க ஓடிட்டே இருந்துச்சு, கற்புங்கறதையே யாருக்கு பாதுகாப்பு இருக்கோ அவங்களுக்கு மட்டும் கட்டுபடியாகற பொருள்னு சொல்லிட்டாங்களே, அதுவும் அந்தக் காலத்துல, அந்த நாட்டு வெள்ளைக்காரப் பெண்கள் முகத்துக்கு நேரா.

கதை முடியறது கல்யாணத்துல இல்ல, விடுதலைலன்னு வாசகர பாத்து சொல்றாங்க. ஆனா தப்பிச்சும் சட்டப்படி அடிமையாவே இருந்தாங்க, அந்த விடுதலை கூட 1852ல அவங்க வேலை செஞ்ச வீட்டு அம்மா 300 டாலர் குடுத்து வாங்கினது. இவங்க வேணாம்னுதான் சொல்லியிருந்தாங்க. என்னையே காசு குடுத்து வாங்கினா நான் ஒரு பொருள்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல. நியூயார்க் மாதிரி ஊருல ஒரு மனுஷி வித்த ரசீது இருக்குங்கறது அவங்கள கடைசி வரைக்கும் உறுத்துது.

ஜூலை 13

இன்னிக்கு படிச்சதுல கோவம் தான் வந்துச்சு. புத்தகத்துல அவங்க பேரு இல்ல, லிண்டா பிரென்ட்னு புனைபேர். எடிட்டர் லிடியா மரியா சைல்டுங்கற வெள்ளைக்கார எழுத்தாளர், அவங்க பேரு முதல் பக்கத்துல இருக்கு. அதனால நூறு வருஷத்துக்கு மேல அறிஞர்கள் பலபேர் இது சைல்டே எழுதின கற்பனைக் கதைன்னு ஒதுக்கிட்டாங்க. ஒரு அடிமைப் பொண்ணு இவ்ளோ நல்லா எழுத முடியாதாம். 1980கள்ல ஜீன் ஃபேகன் யெலின்ங்கற ஆராய்ச்சியாளர் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்துல இருந்த ஜேக்கப்ஸோட சொந்த கடிதங்கள, ஏமி போஸ்ட்ங்கற தோழிக்கு எழுதினதுங்கள, ஒண்ணொண்ணா ஒப்பிட்டு, ஆளு நிஜம், ஊரு நிஜம், டாக்டர் நிஜம், எழுதினதும் அவங்களேன்னு நிரூபிச்சாங்க. 1987ல தான் ஒழுங்கான பதிப்பு வருது.

இதுல என்ன தாங்க முடியலன்னா, 1835ல நார்காம் பத்திரிகைல குடுத்த விளம்பரம் இருக்கு, பிடிச்சுக் குடுத்தா 100 டாலர். அதுல அடையாளம் சொல்லும்போது அவன் எழுதறான், சரளமா தங்கு தடையில்லாம பேசுவாள்னு. வேட்டையாடினவனுக்கு அவங்க வார்த்தையோட பலம் தெரிஞ்சிருக்கு. படிச்சவங்களுக்கு தெரியல.

ஜூலை 14

நேத்து தூக்கம் வரல. ஃபிலிஸ் வீட்லி ஞாபகம் வந்துட்டாங்க. 1761ல ஏழெட்டு வயசு குழந்தையா ஆப்பிரிக்காலேருந்து கடத்தி பாஸ்டன்ல வித்தாங்க, கொண்டு வந்த கப்பலோட பேரையே குழந்தைக்கு வெச்சாங்க. அந்த குழந்தை வளர்ந்து 1773ல கவிதைத் தொகுப்பு போடுது, பாஸ்டன்ல அச்சடிக்க வழியில்லாம லண்டன்ல. புத்தகத்தோட முன்னாடி ஒரு பக்கம் இருக்கு, இதெல்லாம் இந்தப் பொண்ணு எழுதினது தான்னு கவர்னர் உட்பட பாஸ்டன் பெரிய மனுஷங்க 18 பேர் கையெழுத்து. நம்ம ஊருல முன்னாடி ஜெராக்ஸ் காப்பிக்கு கெஜட்டட் ஆபீசர் கிட்ட அட்டெஸ்ட் வாங்குவோமே, அது மாதிரி ஒரு மூளைக்கு அட்டெஸ்ட். ரெண்டாவது தொகுப்பு அச்சாகாமயே போச்சு, கையெழுத்துப் பிரதியும் காணாம போச்சு, 1784ல முப்பது வயசு சுமாருக்கு செத்துப் போனாங்க.

ஜூலை 19

சோஜர்னர் ட்ரூத், அடிமையா பொறந்து விடுதலையான கறுப்பினப் பேச்சாளர். 1851, ஓஹியோல ஆக்ரன்ங்கற ஊருல பெண் உரிமை மாநாடு. "நான் பொண்ணு இல்லையா"ன்னு திரும்பத் திரும்ப கேக்கற அந்த பேச்சு போஸ்டர்ல எல்லாம் போடறாங்க, நானும் காலேஜ்ல பேசியிருக்கேன். அந்த வடிவம் 12 வருஷம் கழிச்சு 1863ல ஃபிரான்சஸ் கேஜ்ங்கற வெள்ளைக்கார பெண்ணியவாதி எழுதினது. அமெரிக்கத் தெற்கத்தி கொச்சைல எழுதியிருக்காங்க, ஆனா ட்ரூத் பொறந்தது நியூயார்க் மாநிலத்துல, முதல்ல பேசினது டச்சு மொழி. பேச்சு நடந்த அடுத்த மாசமே பத்திரிகைல வந்த ரிப்போர்ட்ல அந்த கேள்வியே கெடையாது. அதுல அவங்க நேரா சொல்றாங்க, எந்த ஆம்பளைக்கும் சமமா எனக்கு பலம் இருக்கு, உழுதிருக்கேன், அறுத்திருக்கேன்னு. ஆதரிக்க வந்தவங்களே குரல மாத்தி எழுதிட்டாங்களேன்னு வருத்தமா இருக்கு.

ஜூலை 27

கறுப்பின நாவலாசிரியர் டோனி மாரிசன் ஒரு கட்டுரைல சொல்றாங்க, அடிமை வாழ்க்கைய எழுதினவங்க கொடுமையான இடம் வந்தா இதுக்கு மேல சொல்ல முடியாதுன்னு திரை போட்டுடுவாங்க, வெள்ளைக்கார வாசகருக்கு சங்கடம் வரக் கூடாதேன்னு, அந்த திரைய கிழிக்கறது தான் என் வேலைன்னு. 1856ல மார்கரெட் கார்னர்ங்கற தாய், ஓஹியோ ஆத்த தாண்டி தப்பிச்சு பிடிபடப் போற நேரத்துல, மறுபடி அடிமையா போக வேணாம்னு தன் பொண்ணையே கொன்னாங்க. அதுலேருந்து தான் மாரிசனோட பிலவ்ட் நாவல், 1987. அந்த அம்மாவோட மனசுக்குள்ள போய் உக்காந்து எழுதினது.

அதே வருஷம் டிசம்பர்ல கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் செத்துட்டார், புலிட்சர், நேஷனல் புக் அவார்டுன்னு அமெரிக்காவோட ரெண்டு பெரிய இலக்கிய விருதும் கெடைக்காமயே. மாரிசனுக்கும் அதுவரை அந்த ரெண்டும் இல்ல. 1988 ஜனவரில 48 கறுப்பின எழுத்தாளர்களும் விமர்சகர்களும் மாரிசனுக்கு இன்னும் அந்த விருதுங்க இல்லையேன்னு நியூயார்க் டைம்ஸ்ல கையெழுத்து போட்டு ஒரு அறிக்கை விட்டாங்க. சில பேர் அத சிபாரிசுன்னு கேவலமா பேசினாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். வீட்லி புத்தகத்துல கையெழுத்து போட்ட 18 பேர் அந்தப் பொண்ணு பரீட்சைல பாஸ்னு சான்று குடுத்தாங்க. இந்த 48 பேர் நீங்க யாருய்யா பரீட்சை வெக்கன்னு கேட்டாங்க. அந்த வருஷமே புலிட்சர் வந்துச்சு, 1993ல நோபலும்.

1980ல கறுப்பினப் பெண் எழுத்தாளர்கள் ஆட்ரி லார்டும் பார்பரா ஸ்மித்தும் கிச்சன் டேபிள்ங்கற பேருல சொந்தமா பதிப்பகம் ஆரம்பிச்சதும் இதே ரோஷம் தான்னு நெனைக்கறேன்.

ஆகஸ்ட் 2

ஜேக்கப்ஸ் கிட்டயே திரும்ப வந்துட்டேன். பகல் முழுக்க அடுத்தவங்க குழந்தைய பாத்துட்டு, அந்த வீட்டுக்காரருக்கு தெரியாம ராத்திரில எழுதியிருக்காங்க. பதிப்பாளர் திவாலானப்போ அச்சுத் தகடுகள தானே காசு குடுத்து வாங்கி புத்தகத்த கொண்டு வந்திருக்காங்க. முதல் பக்கத்துல பேரு இல்லாட்டியும், "அவளே எழுதியது"ன்னு இருக்கு.

1864, உள்நாட்டுப் போர் இன்னும் முடியல, வர்ஜீனியால அலெக்சாண்ட்ரியால விடுதலையான அடிமைகளோட குழந்தைங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொறக்கறாங்க. வடக்கேருந்து வந்த வெள்ளைக்கார வாத்தியாருங்க நாங்க நடத்தறோம்னு வர்றப்போ, இது கறுப்பின மக்களோட பள்ளிக்கூடம், அவங்க தான் முடிவெடுக்கணும்னு நிக்கறாங்க, அப்படியே நடந்துச்சு. டீச்சர் அவங்க பொண்ணு லூயிசா. அம்மா ஒளிஞ்சிருந்த காலத்துல, தன்ன ஊரை விட்டு அனுப்பறதுக்கு முந்தின ராத்திரி ரகசியமா அம்மா மடில தூங்கிட்டு, விடிஞ்சதும் யார்கிட்டயும் மூச்சு விடாம போன அதே பொண்ணு.