அம்மா ஊடு எங்கன்னு கேளு

பொறப்பு பதிவு நகல் வேணும்னு வர்றவங்க முதல்ல சொல்றது பொறந்த தேதி தான். நான் அத காதுல வாங்கி ஓரமா வெச்சுடுவேன், ஏன்னா அந்த தேதிய நம்பி ஏட்ட தொறந்தா சாயங்காலம் வரைக்கும் தும்மல் தான் மிச்சம். நான் கேக்கறது ரெண்டே ரெண்டு. உங்கம்மாவுக்கு நீங்க எத்தனாவது புள்ள, உங்கம்மா பொறந்த ஊடு எந்த ஊரு. "எனக்கு தான சார் சர்டிபிகேட், எங்கம்மா ஊட்ட பத்தி உங்களுக்கு என்ன"ன்னு பாலக்கோட்டு பக்கத்து ஆளு ஒருத்தர் சண்டைக்கே வந்துட்டார்.

தர்மபுரி மாவட்டத்துல ஒரு சார்பதிவாளர் ஆபீஸ்ல நெறைய வருஷம் ரெக்கார்டு ரூம் பாத்தவன் நான். அங்க பத்திரம் தான பதிவாங்க, பொறப்புக்கு ஏன் அங்க போகணும்னு நெறைய பேர் கேப்பாங்க. டவுன்ல பொறந்தா முனிசிபாலிட்டியில இருக்கும், கிராமத்துல பொறந்தா அப்ப விஏஓ எழுதுவார், அந்த ஏடு கொஞ்ச காலம் கழிச்சு மேல போய் போய் கடைசியில எங்க ஆபீஸ் பீரோவுக்கு தான் வந்து சேரும். 1980க்கு முன்னாடி விஏஓன்னு ஒரு வேலையே கிடையாது, மணியக்காரர் தான் எழுதுவார், எம்ஜிஆர் அந்த பரம்பரை வேலைய எல்லாம் எடுத்ததுக்கு அப்புறம் தான் விஏஓ வந்தாங்க. அதனால ஏட்ட தொறந்தா கையெழுத்த வெச்சே காலத்த சொல்லிடலாம். மணியக்காரர் காலத்துல எழுத்து கோத்து கோத்து, மை ஊதா கலந்த கருப்பு, எங்க வார்த்தை முடியுதுன்னே தெரியாது. விஏஓ காலத்துல பால்பாயிண்ட் பேனா, பேஜுக்கு பின்னாடி வரைக்கும் அழுத்தி எழுதியிருப்பாங்க, கொஞ்ச வருஷத்துல அந்த இங்க் எண்ணெய் மாதிரி பரவி நிக்கும். பழைய மை தான் ஒசத்தி, நான் எந்த கோர்ட்டுல வேணாலும் சொல்வேன்.

விஷயத்துக்கு வரேன். பொறப்பு எங்க நடந்துச்சோ அங்க தான் பதிவு. ஆளு எந்த ஊரு, ரேஷன் கார்டு எந்த ஊரு, நிலம் எந்த ஊருன்னு எல்லாம் ஏடு பாக்காது. நம்ம பக்கம் தலைப்பிரசவம் அம்மா ஊட்டுல, பல குடும்பத்துல ரெண்டாவதும் அங்க தான். ஆனா கவுண்டர்ல வந்து நிக்கிற மனுஷன் அப்பன் ஊர சொல்வார், ஏன்னா அவருக்கு அது தான் சொந்த ஊரு, பொறந்த எடத்துல அவர் இருந்தது மிஞ்சி போனா அஞ்சு மாசம். நாம அப்பன் ஊரு ஏட்ட மூணு வருஷத்துக்கு பொரட்டிட்டு இல்லன்னு எழுதி குடுத்துடுவோம். அவர் பதிவு பத்து கிலோமீட்டர் தள்ளி வேற கிராமத்து ஏட்டுல, அதே பீரோவுல, கீழ் தட்டுல இருக்கும்.

அதுலயும் இந்த கொட்டாய் தொல்லை. தர்மபுரி கிருஷ்ணகிரி ஆளுங்களுக்கு தெரியும், காட்டுக்குள்ள நாலு ஊடு இருந்தா அதுக்கு ஒரு பேரு வெச்சு கொட்டாய்னு சேத்துடுவோம். கேட்டா அந்த கொட்டாய் பேர தான் சொல்வாங்க, ஏட்டுல இருக்கறது வருவாய் கிராமத்து பேரு. அந்த கொட்டாய் எந்த ரெவின்யூ கிராமத்துல வருதுன்னு தெரியலன்னா தேடறதுல அர்த்தமே இல்ல. சில சமயம் நிலவரி கட்டுன தண்டல் ரசீத எடுத்துட்டு வாங்கன்னு அனுப்பிடுவேன், அதுல கிராமம் இருக்கும். மாவட்டமும் அப்படி தான். 1965 அக்டோபர்ல தான் சேலத்துலருந்து தர்மபுரி பிரிஞ்சது, 2004 பிப்ரவரியில தர்மபுரியிலருந்து கிருஷ்ணகிரி பிரிஞ்சது. 1960ல கிருஷ்ணகிரி பக்கம் பொறந்த ஒருத்தருக்கு நகல் குடுத்தா அதுல சேலம் ஜில்லான்னு இருக்கும், அவங்க புள்ள வந்து "சார் தப்பா போட்டு குடுத்துட்டீங்க, நாங்க சேலத்த பாத்ததே இல்ல"ன்னு திருப்பி நீட்டுவான். ஏட்டுல இருக்கறத இருக்கறபடியே எழுதறதுக்கு பேரு தான் நகல், ஆனா இத ஒவ்வொருத்தருக்கும் உக்கார வெச்சு சொல்லணும்.

தேதி விஷயத்த சொல்றேன். நம்ம ஊர்ல ஒரு காலத்து ஆளுங்க முக்காவாசி பேர் மே மாசமோ ஜூன் மாசமோ பொறந்தவங்க. ஸ்கூல் தொறக்கறப்ப தலைக்கு மேல கைய போட்டு எதிர்காத தொட்டுட்டா வாத்தியார் அஞ்சு வயசு ஆகற மாதிரி ஒரு தேதிய போட்டுடுவார், அது டிசியில ஏறும், டிசியிலருந்து ஆதார், ஆதார்லருந்து பாஸ்போர்ட் வரைக்கும் போயிடும். ஏட்டுல பாத்தா அந்த ஆளு ஐப்பசியில பொறந்திருப்பார், அதுவும் ஒரு வருஷம் முன்னாடியே. அதனால தேதிய விட்டுட்டு அம்மாக்காரங்க உசுரோட இருந்தா கூட்டிட்டு வாங்கம்பேன். அவங்க சொல்ற கணக்கு தான் கணக்கு. "எம்ஜிஆர் செத்து மூணாம் மாசம் இவன் பொறந்தான் சாமி"ன்னு ஒரு அம்மா சொல்லுச்சு, எம்ஜிஆர் செத்தது 1987 டிசம்பர் 24, அப்ப 88 மார்ச்சு. ஜாதகம் எழுதுன நோட்டு ஒண்ணு வெச்சிருந்தாங்க, அதுல பிரபவ வருஷம் பங்குனின்னு இருந்துச்சு. ஏட்ட எடுத்தா ரெண்டு நிமிஷத்துல வந்துடுச்சு. புள்ளையாண்டான் கையில இருந்த ஸ்கூல் சர்டிபிகேட்ல 1989 ஜூன். அவனுக்கு கிடைச்சதுல சந்தோஷமே இல்ல, ஒரு வயசு கூடிப்போச்சேன்னு மூஞ்ச தொங்க போட்டுட்டு போனான்.

கண்டுபிடிச்சுட்டாலும் அடுத்த சிக்கல் பேரு. ஏட்டுல புள்ள பேரு இருக்கவே இருக்காது. பொறந்து பத்து நாள்ல போய் சொல்லும்போது பேரு வெச்சிருக்க மாட்டாங்க, ஆண் இல்ல பெண், அப்பா பேரு, அம்மா பேரு, அவ்ளோ தான். அப்புறம் வந்து பேர் சேக்கணும்னு யாருக்கு தோணுச்சு. சட்டப்படி பதிவுலருந்து 15 வருஷத்துக்குள்ள சேக்கணும், 2000க்கு முந்தின பதிவுக்கு அந்த வருஷத்துலருந்தே கணக்குன்னு வெச்சு, அப்புறமும் அவகாசத்த நீட்டிக்கிட்டே வந்தாங்க. ஒவ்வொரு கெடு முடியற டிசம்பர் மாசமும் ஆபீஸ்ல மாரியம்மன் கோயில் கூட்டம். தப்பு இருந்தா திருத்தலாம், ஆனா பழைய எழுத்து மேல கை வெக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. ஓரத்துல எழுதி கையெழுத்து தேதி போடணும். புதுசா வந்த ஒரு பையன் ஆர்வக்கோளாறுல மாதுன்னு இருந்தத மாதேஷ்னு அதே எடத்துல நீட்டி எழுதிட்டான், அந்த ரெண்டெழுத்துக்கு விளக்கம் எழுதியே எனக்கு ஒரு வாரம் போச்சு.

இதெல்லாம் இப்ப பொறக்கறதுங்களுக்கு இல்ல. 2018லருந்து ஆன்லைன், க்யூஆர் கோடோட ஊட்டுல உக்காந்து டவுன்லோட் பண்ணிக்கலாம். நல்லது தான். ஆனா பெங்களூருக்கு கட்டட வேலைக்கு போய் அங்க கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில பெத்துட்டு, புள்ளைய ஸ்கூல்ல சேக்க ஊருக்கு வந்து நம்ம வெப்சைட்ல தேடி தேடி இல்லங்கறவங்க இன்னைக்கும் இருக்காங்க. இருக்காது, அது கர்நாடகா பதிவு, பெங்களூருல தான் வாங்கணும். அங்க தான் பொறந்துச்சு, ஏடும் அங்க தான். அம்மா ஊடு கேள்வி இங்க ஆஸ்பத்திரி கேள்வியா மாறியிருக்கு, அவ்ளோ தான் வித்தியாசம்.

சொல்லலாமா வேணாமான்னு யோசிச்ச ஒண்ணு. பழைய ஏட்ட பொரட்டுனா சில கிராமத்துல சில வருஷங்கள்ல ஆண், ஆண், ஆண்னு போயிட்டே இருக்கும், நடுவுல அங்கொண்ணும் இங்கொண்ணுமா பெண். நம்ம மாவட்டத்த பத்தி பேப்பர்ல என்ன எழுதுனாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், தொட்டில் குழந்தை திட்டம் 1992ல சேலத்துல ஆரம்பிச்சு 2001ல இங்க வந்ததும் தெரியும். அந்த வரிசையில எத்தனை பொறந்தும் பதியாதது, எத்தனை பதியறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போனதுன்னு ஏட்ட பாத்து சொல்ல முடியாது. நான் அந்த பக்கங்கள வேகமா தள்ளிடுவேன்.

இப்ப என் தப்பு. வேலைக்கு சேந்து கொஞ்ச நாள், அம்மா ஊடு கேள்வி எல்லாம் எனக்கு தெரியாது. ஐம்பது வயசு இருக்கும், ஒரு அம்மா தனியா வந்தாங்க. பள்ளிக்கூடம் பக்கமே போனதில்ல, அதனால டிசி கிடையாது. அவங்கம்மா ரெண்டாந்தாரம், மூத்தவ செத்ததுக்கு அப்புறம் கட்டிக்கிட்டது. அப்பன் செத்ததும் மூத்த தாரத்து அண்ணனுங்க, இது எங்கப்பனுக்கே பொறக்கலன்னு சொல்லிட்டாங்க. பாகம் கேட்டு கேஸ் போட்டிருக்காங்க, அப்பன் பேரு போட்ட காகிதம் ஏதாச்சும் ஒண்ணு கொண்டாம்மான்னு வக்கீல் சொல்லி அனுப்பியிருக்கார். நான் அப்பன் ஊர கேட்டேன், சொன்னாங்க. உத்தேசமா வருஷம் கேட்டு முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணு சேத்து மூணு வருஷம் பாத்தேன். ஒரு மத்தியானம் முழுக்க பாத்தேன், அத சொல்லிக்கறேன். இல்ல. பதிவு காணப்படவில்லைன்னு சர்டிபிகேட் எழுதி குடுத்துட்டேன். சாதாரணமா லேட்டா பதிவு பண்றவங்களுக்கு அந்த காகிதம் உதவும், ஒரு வருஷம் தாண்டுன பொறப்ப பதிய மாஜிஸ்திரேட் உத்தரவு வேணும், அதுக்கு இது கேப்பாங்க. ஆனா இவங்க கேஸ்ல அது எதிர்க்கட்சிக்கு நான் எழுதி குடுத்த சாட்சி மாதிரி ஆச்சு.

ஏழெட்டு மாசம் கழிச்சு வேற யாருக்கோ வேற கிராமத்து ஏட்ட எடுத்தேன். அட்டை பிரிஞ்சு போய் துணிக்கயித்துல கட்டி வெச்ச ஏடு, உள்ள பாச்சா உருண்டை தேஞ்சு பொடியா கிடக்கு, ஓரம் எல்லாம் ராமபாணப் பூச்சி ஓட்டை போட்டிருக்கு. விரல வெச்சு வரி வரியா எறங்கறப்ப அந்த அப்பன் பேரு. ஊருக்கு நேரா அவரோட ஊரு பேரும் எழுதியிருக்கு, தொழில் பயிர். அம்மா பேரும் சரி. பெண். பேரு கட்டம் காலி. சேலம் ஜில்லான்னு மேல அச்சடிச்ச ஏடு, 1899 சட்டத்து காலத்து பதிவு. தாத்தா ஊட்டுல பொறந்திருக்காங்க. மணியக்காரர் பொறுப்பா எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கார், நான் தான் கேக்கல.

ஹெட் கிளார்க்கிட்ட போய் சொன்னேன். அவர் கண்ணாடிய கழட்டி தொடச்சுட்டு, "தேதிய கேக்காத, அம்மா ஊடு எங்கன்னு கேளு"ன்னார். அப்ப சொன்னது தான். பழைய மனுவ தேடி எடுத்து அதுல இருந்த விலாசத்துக்கு கார்டு போட்டேன்.

பதினஞ்சு நாள் கழிச்சு வந்தாங்க. கேஸ் முடிஞ்சு போச்சாம், அண்ணனுங்க ஏதோ ஒரு தொகைய குடுத்து கையெழுத்து வாங்கிட்டாங்களாம், தொகை எவ்ளோன்னு அவங்க சொல்லல நானும் கேக்கல. இப்ப நகல் வேணுமான்னு கேட்டதுக்கு வேணும்னாங்க. ஏட்ட கவுண்டருக்கு வெளிய குடுக்க கூடாது, உள்ள கூப்பிட்டு ஸ்டூல்ல உக்கார வெச்சு அந்த வரிய காட்டுனேன். படிக்க தெரியாது. "இதுல எங்கம்மா பேரு எது"ன்னாங்க, காட்டுனேன். "இது எங்கப்பன் பேரா"ன்னாங்க. ஆமான்னேன். ரொம்ப நேரம் பாத்தாங்க.

நகல் எழுதறது ரெண்டு பேர் வேலை, ஒருத்தர் எழுதணும், இன்னொருத்தர் ஏட்ட வெச்சு வாசிச்சு ஒப்பிடணும், ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு அப்புறம் சார்பதிவாளர் கையெழுத்து சீல். நான் எழுதுனேன், ஹெட் கிளார்க் சத்தமா வாசிச்சார், அப்பன் பேரு வந்தப்ப அந்த அம்மா இன்னொரு தடவ படிங்க சாமின்னாங்க, அவர் இன்னொரு தடவ படிச்சார்.

கடைசியா தேடுற கட்டணமும் நகல் கட்டணமும் கட்டணும்னேன். முந்தானைய அவுத்து காச எடுத்தவங்க நிறுத்திட்டு என்ன பாத்தாங்க.

"போன தடவையும் தேடறதுக்குன்னு தான கட்டுனேன், அது என்னாச்சு?"

நான் என் பாக்கெட்டுலருந்து எடுத்து ரசீது போட்டேன். அவங்க வேண்டாம்னு சொல்லல.