ஆர்ஓ போட்டாலும் எழுதும்

ஜூலை 7

டவுன்ஹால் ரோடு கடையில், டிஸ்க் மீட்கும் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கும் தாளைத் திருத்தி எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. எப்போதோ இங்கே வேலை பார்த்தவர் எழுதியது. ‘மவுண்ட் பண்ணும்போது -ஓ ஆர்ஓ கொடுத்தால் டிஸ்கில் ஒரு எழுத்துகூட மாறாது’ என்று ஒரு வரி. லினக்ஸில் டிஸ்கைத் திறந்து கோப்புகளை அணுக வைப்பதுதான் மவுண்ட்; ஆர்ஓ என்றால் ‘படிக்க மட்டும்’. மற்றதெல்லாம் பரவாயில்லை, இது தப்பு.

மவுண்ட் கட்டளையின் மேன் பக்கமே (லினக்ஸோடு வரும் கையேடு) சொல்கிறது: ஆர்ஓ கேட்டாலும், ஃபைல் சிஸ்டத்தின் (டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) வகையையும் நிலையையும் பொறுத்து டிஸ்கில் எழுதப்படலாம். ஈஎக்ஸ்டி3, ஈஎக்ஸ்டி4 என்ற இரண்டு வகைகளையும் பெயர் சொல்லியே எச்சரிக்கிறது. அவ்வளவு தூரம் யார் படிக்கிறார்கள்?

ஜூலை 8

உசிலம்பட்டி ஸ்டுடியோ அண்ணன் நாஸ் பெட்டியோடு (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) வந்தார். ஆனி முகூர்த்தப் படங்கள் மொத்தமும் அதில். காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது, அப்புறம் பெட்டி எழவே இல்லை. “தம்பி, ஆடி பொறக்குறதுக்குள்ள ஆல்பம் குடுக்கணும்” என்றார். கழற்றிப் பார்த்தால் உள்ளே ஈஎக்ஸ்டி4.

இந்த மாதிரி டிஸ்கில்தான் அந்த வரி ஆளைக் கவிழ்க்கும். கோப்பின் பெயர், இடம், அளவு போன்ற விவரங்களை ஈஎக்ஸ்டி4 முதலில் ஜர்னல் என்ற குறிப்பேட்டில் எழுதும், பிறகுதான் உரிய இடத்தில் சேர்க்கும். பகலில் சிட்டையில் குறித்ததை ராத்திரி பேரேட்டில் ஏற்றுகிற மாதிரி. நடுவில் கரண்ட் போனால் பாக்கி நிற்கும். அடுத்து மவுண்ட் ஆகும்போது கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) முதல் வேலையாக அந்தப் பாக்கியை ஏற்றிவிடும், ஆர்ஓ கேட்டிருந்தாலும். நல்ல டிஸ்க் என்றால் அதுதான் சரி. சாகக் கிடக்கும் டிஸ்க் என்றாலோ, அழிந்த கோப்பைத் தேடுகிறோம் என்றாலோ, அப்படிக் கொஞ்சம் எழுதுவதே கெடுத்துவிடலாம்.

அண்ணன் டிஸ்கை மவுண்ட் பண்ணவே இல்லை. பழுதான டிஸ்கை நகலெடுக்கும் டிடிரெஸ்கியூ போட்டு முழு நகல் எடுக்க விட்டிருக்கிறேன்.

ஜூலை 9

சொன்னால் பையன்கள் நம்பமாட்டார்கள். ஒரு பழைய யூஎஸ்பி டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்கினோம். அந்த நிலையை டிடி கட்டளையால் நகல் எடுத்துவைத்துக்கொண்டு, டிஸ்கின் எஸ்ஹெச்ஏ256 (உள்ளே எது மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) கணக்கிட்டு, ஆர்ஓ போட்டு மவுண்ட், உடனே அன்மவுண்ட், மறுபடி கணக்கு. முழுக்க வேறு எண். டிமெஸ்ஜி என்ற செய்திப் பதிவில் கர்னல் ஒளிக்கவும் இல்லை: மீட்பு தேவைப்படுகிறது, மீட்பின்போது எழுத அனுமதி திறக்கப்படும் என்று பச்சையாகச் சொல்கிறது.

“அப்ப ஆர்ஓ எதுக்குண்ணே?” என்றான் சின்னவன். நியாயமான கேள்வி. மவுண்ட் ஆன பிறகு அந்த மவுண்ட் வழியாக எந்த புரோகிராமும் எழுத முடியாது, அது கொடுக்கும் வாக்கு அவ்வளவுதான். மவுண்ட் ஆகும் அந்த நொடிக்கு அது பொறுப்பல்ல.

நகலைத் திரும்ப டிஸ்கில் இறக்கி, டிஸ்கையே ‘படிக்க மட்டும்’ ஆக்கும் பிளாக்டெவ் --செட்ஆர்ஓ கொடுத்தோம். இப்போது வெறும் ஆர்ஓவுக்குக் கர்னல் மறுத்துவிட்டது, எழுத வழியில்லை என்று. ஜர்னலை ஏற்றாதே என்று சொல்லும் நோலோடைச் சேர்த்து ‘ஆர்ஓ,நோலோட்’ என்றதும் திறந்தது. கணக்கு மாறவில்லை.

ஜூலை 11

தாள் எழுதினேன். ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது என்பது முதலாளி உத்தரவு.

முதல் வரி மவுண்ட் பற்றியே இல்லை: டெஸ்க்டாப்பில் ஆட்டோமவுண்ட்டை அணைத்துவிட்டு டிஸ்கைச் செருகு. இல்லையென்றால் நாம் கட்டளை அடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். செட்ஆர்ஓ டிஸ்கில் பதிவதில்லை, கர்னலின் நினைவில்தான் இருக்கிறது. வயரைக் கழற்றிச் செருகினால் மறுபடி கொடுக்கவேண்டும். எழுதும் வசதியோடு ஏற்கெனவே மவுண்ட் ஆன ஃபைல் சிஸ்டத்தை அது தடுக்காது. எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு வகை ஃபைல் சிஸ்டம் என்றால் நோலோடுக்குப் பதில் நோரிகவரி, அதோடு ஆர்ஓ கட்டாயம்.

நோலோடுக்கும் ஒரு விலை உண்டு, அதையும் சேர்த்தேன். பாக்கி ஏறாததால் ஃபைல் சிஸ்டம் முன்னுக்குப்பின் முரணாகத் தெரியும். கடைசியாக எழுதிய கோப்புகள் காணாமலும் போகலாம். பார்த்துப் பயந்து எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தி எழுதும் கட்டளை) ஓட்டிவிடாதே என்று அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

ஜூலை 14

நகல் முடிந்தது. அதிலிருந்து இன்னொரு நகல் எடுத்து, அதில் சாதாரணமாக மவுண்ட் பண்ணி ஜர்னலை ஏறவிட்டேன். நகலில் என்ன ஆனால் என்ன? முகூர்த்தப் படங்கள் வந்துவிட்டன. கரண்ட் போனபோது ஓடிக்கொண்டிருந்த வரவேற்பு வீடியோ மட்டும் பாதியில் நிற்கிறது. கேமரா கார்டை இன்னும் அழிக்கவில்லையாம். அதைத் தொடாமல் அப்படியே எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.