டைமருக்குத் தெரியாத சைக்கிள்

கிருஷ்ணகிரியில் ஹைவேயை ஒட்டிய ஒரு டிரைவ்-த்ரூ (காரை விட்டு இறங்காமலே வாங்கிப் போகிற) சாப்பாட்டுக் கடையில் ஷிப்ட் மேனேஜராக இருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். பெங்களூரிலிருந்து வரும் வண்டிகள் சேலத்துக்கு 44-ஆம் எண் சாலையிலும், சென்னைக்கு 48-ஆம் எண் சாலையிலும் பிரிகிற ஊர் இது. எங்கள் கடை சேலம் போகிற பக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூரே காலியாகி ஊருக்குக் கிளம்பியது போல வரிசை சர்வீஸ் ரோடு வரை நீளும்.

இந்த வேலையில் எஜமான் டைமர்தான். ஆர்டர் போர்டுக்கு முன்னால் தரையில் ஒரு கம்பிச் சுருளைப் புதைத்திருக்கிறார்கள். கார் வந்து நின்றால் அது உணர்ந்துகொள்ளும். ஹெட்செட்டில் 'டிங்', கிச்சன் திரையில் விநாடிகள் ஓட ஆரம்பிக்கும். பச்சை, மஞ்சள், அப்புறம் சிவப்பு. பையை வாங்கிக்கொண்டு கார் நகர்ந்தால்தான் அது நிற்கும். மீட்டிங்கில் ஏரியா மேனேஜர் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான். ஒரு நாள் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சைக்கிளோடு போர்டுக்கு முன்னால் நின்று, "அண்ணா, ஒரு கோன்" என்று கத்திக்கொண்டே இருந்தான். டிங் அடிக்கவே இல்லை. சைக்கிளில் இருக்கிற இரும்பு அந்தச் சுருளுக்குப் போதவில்லை. டைமருக்குத் தெரியாத அந்தச் சைக்கிளுக்குத்தான் எங்கள் இரண்டு வாசலும் ஆபத்து.

நம் ஊரில் டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார், அதனால் பை கொடுக்கும் ஜன்னலும் காருக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். கார் கட்டடத்தை வலப்பக்கம் வைத்துச் சுற்றி வரும். அப்படியென்றால் சாலையில் வருபவருக்கு முதலில் உள்வாசல், கொஞ்சம் தள்ளி வெளிவாசல். ஓரமாகச் சைக்கிளில் போகிறவர் இரண்டையும் தாண்டியாக வேண்டும். உள்வாசலில், பின்னால் வந்த கார் சைக்கிளை முந்தி அடுத்த நொடியே அதன் முன்னால் இடதுபக்கம் ஒடிக்கும். முந்தியாச்சு, விஷயம் முடிந்தது என்று டிரைவருக்கு நினைப்பு. சைக்கிளும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

வெளிவாசல் இன்னும் மோசம். வெளியே வரும் டிரைவர் வலது பக்கம்தான் பார்ப்பார், லாரி வருகிறதா என்று. தூரத்து லாரியைத் தேடும் கண்ணுக்குப் பத்தடியில் வரும் சைக்கிள் படுவதில்லை. காரின் முன்கண்ணாடி ஓரத்துத் தூணே அதை மறைத்துவிடும். இடது பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஆனால் சாயங்காலம் பள்ளி விட்டதும் பிள்ளைகள் வருவது அந்தப் பக்கத்திலிருந்துதான். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கிற விலையில்லா சைக்கிளில், பின்னால் ஒரு தம்பியையோ தங்கையையோ உட்கார வைத்துக்கொண்டு, சர்வீஸ் ரோட்டில் ராங் சைடில் வருவார்கள்.

"ராங் சைடில் வந்தால் அவங்க தப்புதானே?" என்று ஏரியா மேனேஜர் கேட்டார். தப்புதான் சார். ஆனால் சரியான பக்கம் போக வேண்டுமென்றால் தூரத்தில் இருக்கிற சுரங்கப்பாதை வரை போய், எதிர்ப்புறம் வந்து, மறுபடி கடந்து வர வேண்டும். வெயிலில் மூட்டை போலப் புத்தகப் பை. எந்தப் பிள்ளை போகும்? அவரே சைக்கிளில் வந்திருந்தால் அவரும் ராங் சைடில்தான் வந்திருப்பார்.

ஜன்னல் அருகில் நின்றபடி நானே பார்த்தது ஒன்று. ஒருவர் ஒரு கையில் ஸ்டீயரிங், இன்னொரு கையில் கோக், வாயில் பொரித்த உருளைக்கிழங்கு. பின் சீட்டில் குழந்தை அழுகிறது. வலது பக்கம் பார்த்தபடியே காரை விட்டார். இடமிருந்து வந்த பெண் பிரேக் பிடித்தாள். சைக்கிள் சாய்ந்து, முன் சக்கரம் பம்பரில் இடித்தது. முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. ரிம் மட்டும் கோட்டம். அவர் பதறிப்போய் இறங்கி, பணம் எடுத்து நீட்டினார். அந்தப் பெண் வாங்கவில்லை, "வீட்ல திட்டுவாங்கண்ணா" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பக்கத்துச் சைக்கிள் கடையில் கோட்டம் எடுத்துக் கொடுத்தோம். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஓட்டிக்கொண்டே சாப்பிடுவதற்கென்றே பொட்டலம் கட்டிக் கொடுப்பது நாங்கள்தானே.

தேசிய நெடுஞ்சாலையில் வாசல் திறக்க 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். பெட்ரோல் பங்க் என்றால் வேகம் குறைக்கவும் கூட்டவும் தனி லேன் கேட்பார்கள். அந்தக் கணக்கெல்லாம் கார், லாரிக்கானது. சைக்கிளுக்குக் கணக்கு போட்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அதன் பிறகு செலவில்லாததை எல்லாம் செய்தோம். வெளிவாசலில் பார்வையை மறைத்த ஆஃபர் பேனரை உள்ளே நகர்த்தினோம். வாசலுக்குச் சற்று முன்னால் ஒரு வேகத்தடை, அதற்குப் பக்கத்தில் 'இடப்பக்கமும் பாருங்கள்' என்று ஒரு பலகை. பலகையை யாரும் படிப்பதில்லை, வேகத்தடைதான் வேலை செய்கிறது. பள்ளி விடும் நேரத்தில் செக்யூரிட்டி அண்ணன் பார்க்கிங்கை விட்டுவிட்டு வெளிவாசலில் நிற்கிறார். விசில் அடித்தால் கார்கள் நிற்கின்றன. அவர் லீவு போட்ட நாளில் அந்த இடத்தில் நான் நிற்பேன். உள்ளே டைமர் சிவப்பாகிவிடும்.

"பையைச் சீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்க சார்" என்று ஜன்னல் பையன்களைச் சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு காருக்கும் சில விநாடிகள் கூடியது. இரண்டாவது வாரமே மேலிடத்திலிருந்து கேள்வி வந்துவிட்டது. பள்ளி விடும் நேரத்தில் மட்டும் டிரைவ்-த்ரூவை மூடி, உள்ளே வந்து வாங்கச் சொல்லலாம் என்று எழுதினேன். அதற்குப் பதிலே வரவில்லை.

எங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. மே, ஜூனில் இதே சாலையோரம் செந்தூரா, பெங்களூரா என்று மாம்பழத்தைக் குவித்து வைத்திருப்பார்கள். பார்த்ததும் கார்கள் சடக்கென்று ஓரம் கட்டும். கதவை முழுசாகத் திறப்பார்கள். சைக்கிள்காரர் தார் ரோட்டுக்கு நடுவே போக வேண்டியிருக்கும். அங்கே விசில் அடிக்க ஆள் இல்லை.

இப்போது இன்னொரு கிளைக்கு இடம் பார்த்திருக்கிறார்கள். பிளான் பார்க்க என்னையும் கூப்பிட்டார்கள், வெளிவாசல் பஸ் ஸ்டாப்பை ஒட்டி வருகிறது. வாசலைப் பின்பக்கத் தெருவுக்கு மாற்றச் சொன்னேன். கார் நிறுத்த இரண்டு இடம் குறையும் என்கிறார்கள். அந்த இரண்டு இடத்தில்தான் பேச்சு நின்றிருக்கிறது.